சண்டைக்காரியின் வாயும் என் பேத்தியின் கஞ்சியும்

"அவள இன்னா வேணா சொல்லு. சண்டக்காரின்னு மட்டும் என் எதிர்ல சொல்லாத!"

இந்தத் தெருவில் எல்லோரிடமும் இதைச் சொல்லியாகிவிட்டது. புதிதாகக் குடிவந்த நீ ஒருத்திதான் பாக்கி. தண்ணீர் லாரி வந்தால் அவள் குடம்தான் முதலில் நிற்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். குப்பை வண்டிக்காரரோடு தினமும் ஒரு தகராறு, அதையும் ஒப்புக்கொள்கிறேன். நேற்று உன் வீட்டுக்காரர் வண்டியை அவள் வாசலில் நிறுத்தியதற்கு அவள் போட்ட சத்தம் முனை டீக்கடை வரைக்கும் கேட்டது. டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, யாரோ புதுசு மாட்டிக்கொண்டார்கள் என்று சிரித்தாராம். உனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? ஆனால் இதோ என் மடியில் உட்கார்ந்துகொண்டு உன் வளையலைப் பிடித்து இழுக்கிறாளே என் பேத்தி, இவள் இன்றைக்கு இந்தக் கள்ளிக்குப்பத்தில் என் மடியில் இருப்பது அந்த வாயால்தான். உட்கார், சொல்கிறேன். மாடியில் கேழ்வரகு காய்கிறது. அது காயும்வரை எனக்கும் வேலை இல்லை.

என் மருமகளை நீ பார்த்திருப்பாய். காலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுகிறாளே, அவள்தான். திருநெல்வேலிப் பக்கம். பூந்தமல்லி ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. என் மகன் இந்தப் பெண்ணைத்தான் கட்டிக்கொள்வேன் என்று வந்து நின்றபோது, அம்பத்தூரிலும் ஆவடியிலும் பெண்ணே இல்லையா என்று கேட்டவள் நான். இப்போது என் தங்கை மகனுக்குப் பெண் பார்க்கிறார்கள். அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள் என்று நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது வேறு கதை. எங்கே விட்டேன்? கஞ்சி.

பாப்பா தவழ ஆரம்பித்த சமயம். ஆடி மாசம். தாய்ப்பாலோடு குழைந்த சோறு, பருப்புத் தண்ணீர் எல்லாம் கொடுத்துப் பார்த்தாயிற்று, நன்றாகச் சாப்பிட்டாள். சரி, இனி நம் சத்துமாவுதான் என்று இறங்கினேன். என் சத்துமாவு இந்தத் தெருவில் பேர்போனது, தெரியுமா? கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டி முளைகட்டி, மாடியில் காயவைத்து, வாசனை வரும்வரை வறுக்க வேண்டும். அப்புறம் கம்பு, சம்பா கோதுமை, புழுங்கலரிசி, பாசிப்பயறு, பொட்டுக்கடலை, தோல் நீக்கிய வேர்க்கடலை, கொஞ்சம் சுக்கு, இரண்டு ஏலக்காய். எல்லாவற்றையும் தனித்தனியாக வறுத்து மில்லில் கொடுத்து அரைப்பேன். என் பிள்ளைகள் இதைக் குடித்துத்தான் வளர்ந்தார்கள். யாருக்குக் குழந்தை பிறந்தாலும் ஒரு டப்பா என் வீட்டிலிருந்து போகும்.

முதல் நாள் காலையில் நாலைந்து கரண்டி கஞ்சி கொடுத்தேன். சப்புக்கொட்டிக்கொண்டு குடித்தாள். கொஞ்ச நேரத்தில் வாயைச் சுற்றிச் சிவந்தது. பிறகு வயிறு, முதுகு, தொடை எங்கும் திட்டுத் திட்டாகத் தடித்துவிட்டது. குழந்தை சொறிந்துகொண்டு அழுகிறாள். ஆடி மாசத்தில் குழந்தை உடம்பு சிவந்தால் நம் பக்கத்தில் என்ன நினைப்போம்?

"ஆத்தா வந்துக்கிறா," என்றேன். உடனே வாசலில் வேப்பிலை செருகினேன். வீட்டில் தாளிக்கக் கூடாது, வெளி ஆள் யாரும் உள்ளே வரக் கூடாது, ஊசி மருந்து பேச்சே கூடாது என்று சட்டம் போட்டேன். மஞ்சள் கரைத்து, வேப்பிலையால் குழந்தையின் உடம்பை வருடிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

மத்தியானம் பார்த்தால் உடம்பு வழவழவென்று இருக்கிறது! ஒரு தடிப்பு இல்லை. எனக்கு ஒரே சந்தோஷம். வேண்டிக்கொண்ட உடனே ஆத்தா இறங்கிவிட்டாள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மருமகள் குழந்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அத்தை, காலையில வந்துட்டு மத்தியானமே போயிருத அம்மனை எங்க ஊர்ல நான் பார்த்ததே இல்லையே."

"அவளுக்கு எத்தினி ஊடு போவணும்? உன் கம்பெனி மாதிரி ஒரே எடத்துல குந்திகினு இருப்பாளா?" என்றேன். என் வீட்டுக்காரர் சிரித்தார். மருமகள் சிரிக்கவில்லை.

அம்மை என்று நான் போட்ட சட்டப்படி இரண்டு மூன்று நாளைக்குக் குழைந்த சோறும் தாய்ப்பாலும் மட்டும்தான். ஒன்றும் வரவில்லை. பிறகு மறுபடி கஞ்சி காய்ச்சினேன். இந்தத் தடவை கரண்டியைக் கீழே வைப்பதற்குள் உதடு வீங்கியது. கண் இரண்டும் உப்பிப்போய்ப் பாதி மூடிக்கொண்டன. குடித்ததை அப்படியே வாந்தி எடுத்தாள். மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் ஒரு சத்தம். நான் மறுபடியும் வேப்பிலைக்கு ஓடினேன். திரும்பி வந்தால் மருமகள் செருப்புக்கூடப் போடாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.

"கஞ்சி குடிச்சா மட்டும்தான் வருது அத்தை! ஆட்டோவைக் கூப்பிடுங்க!"

ஆஸ்பத்திரியில் குழந்தையின் தொடையில் ஒரு ஊசி போட்டார்கள். மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகச் சீரானது. அப்புறமும் வெகுநேரம் படுக்க வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கையில் இன்னும் வேப்பிலைக் கொத்து இருந்ததை அங்கே போய்த்தான் நான் கவனித்தேன். டாக்டரம்மாவும் கவனித்தார். நல்ல மனுஷி, திட்டவில்லை.

"பாட்டி, சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல தடிப்பு, உதட்டு வீக்கம், வாந்தின்னா அது அம்மை இல்ல. குழந்தைக்கு ஏதோ ஒரு சாப்பாடு ஒத்துக்கல. தடிப்பு வந்தா என்கிட்ட கூட்டிட்டு வாங்க. உதடு வீங்கி, மூச்சு இழுத்து, குழந்தை துவண்டு போனா ஒரு நிமிஷம்கூட யோசிக்காதீங்க. வேப்பிலை தேடாதீங்க, ஆட்டோ தேடுங்க."

அப்புறம் கஞ்சியில் என்னென்ன போட்டீர்கள் என்று கேட்டார். கேட்டால் விடுவேனா? கேழ்வரகில் ஆரம்பித்து ஏலக்காய் வரை பெருமையாகச் சொன்னேன். எழுதிக்கொண்டே வந்தவர் பாதியில் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"ஊரையே ஒரே பந்தியில உட்கார வச்சிட்டு, இதுல யார் செருப்பை எடுத்துட்டுப் போனாங்கன்னு என்னைக் கேக்கறீங்களே பாட்டி!"

இன்னொரு நாள் வரச்சொல்லிக் குழந்தையின் முதுகில் வரிசையாகச் சொட்டு மருந்து வைத்து லேசாகக் குத்திப் பார்த்தார்கள். ஒரே ஒரு இடம் மட்டும் கொசு கடித்த மாதிரி வீங்கியது. வேர்க்கடலை! நம் வீட்டில் சட்னியாக அரைத்து, சுண்டலாக வேகவைத்து, சும்மா கொறிக்கிற வேர்க்கடலை!

டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார். வேர்க்கடலையை அடியோடு விட்டுவிட வேண்டும். அதற்காகப் பயந்துகொண்டு எல்லாவற்றையும் நிறுத்திவிடக் கூடாது, வளர்கிற குழந்தை. புதிதாக எது கொடுத்தாலும் ஒவ்வொன்றாகக் கொடுக்க வேண்டும், காலை நேரத்தில், கொஞ்சமாக. சில நாள் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. நானும் அப்படியே செய்தேன். பாசிப்பயறு ஒத்துக்கொண்டது. கேழ்வரகை ஊறவைத்து அரைத்துப் பால் எடுத்துக் காய்ச்சினேன், ஒத்துக்கொண்டது. கோதுமை ஒத்துக்கொண்டது. ஒவ்வொன்றும் ஒத்துக்கொள்ளும்போது எனக்குப் பரீட்சையில் பாஸான மாதிரி இருக்கும். நான் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை, ஆனாலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அப்புறம்தான் வேர்க்கடலை இல்லாமல் சத்துமாவு தயார் பண்ணி, மில்லில் கொடுத்து அரைத்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்த சாமான்கள்தானே, என்ன ஆகிவிடும்?

மறுபடி தடித்தது.

உதடு வீங்கவில்லை, மூச்சு இழுக்கவில்லை. டாக்டரம்மா கொடுத்திருந்த மருந்தை ஊற்றியதும் அடங்கிவிட்டது. ஆனால் மருமகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வேர்க்கடலைதான் இல்லையே, பிறகு எது? அவளுக்கு லீவு முடிகிற சமயம் வேறு. அவளுடைய அம்மா போனில் அழுகிறார், குழந்தையை இங்கே கொண்டுவந்து விடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. திருநெல்வேலிக்கு ரயில் டிக்கெட் போட்டுவிட்டார்கள்.

கோபித்துக்கொண்டு சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டல்லவா சொன்னாள்! "உங்க மேல நம்பிக்கை இல்லாம இல்ல அத்தை. எது ஒத்துக்கலன்னே தெரியாம இவளை விட்டுட்டு நான் எப்படி ஆபீஸ்ல போய் உட்காருவேன்?"

பிறந்ததிலிருந்து என் கையில் குளித்த குழந்தை. தூளியைக் கழற்றும்போது அந்தக் கயிற்றை என்ன செய்வது என்றுகூடத் தெரியாமல் நின்றேன். என் வீட்டுக்காரர் டி.வி.யைப் போட்டுவிட்டு அதைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சம்பந்தியம்மாவுக்கு வெறுங்கையோடு அனுப்பக் கூடாது, இடியாப்பத்துக்கு அரிசி மாவாவது கொடுத்தனுப்பலாம் என்று அரிசியைத் தூக்கில் எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனேன். நல்ல கூட்டம். எனக்கு முன்னால் ஒரு சின்னப் பெண், அவளுக்கு முன்னால் நம் சண்டைக்காரி. மில்லில் மிளகாய்க்குத் தனி மிஷின் உண்டு. அன்றைக்கு அது ரிப்பேர். மில்காரர் மாவு மிஷினிலேயே யாருக்கோ மிளகாய் அரைத்துவிட்டு, அடுத்து இவளுடைய அரிசியைக் கொட்டப் போனார். பிடித்துக்கொண்டாள் பார்!

"யோவ், நிறுத்துய்யா! மொளகா அரைச்ச மிஷின்ல என் அரிசியக் கொட்டுறியா?"

"ரெண்டு கை அரிசி போட்டு ஓட்டிட்டேன்மா. எல்லாம் வந்துடுச்சு."

"ரெண்டு கை போட்டா வந்துடுமா? உள்ள ஒட்டிகினு கீறது உன் தாத்தா வந்து நக்கி எடுப்பாரா? போன வாட்டி இப்டித்தான் அரைச்சுக் குடுத்த. என் மாமனாரு ஒரு வாய் இடியாப்பம் துன்னுட்டு, மருமவ மொளகாத்தூள் வச்சு என்னைக் கொல்லப் பாக்குறான்னு தெருவுல நின்னு கத்துறாரு! எனக்கு முன்னால எவ எதை அரைச்சாளோ அதெல்லாம் எங்க வயித்துக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினேன். மிளகாய் என்றால் காரம் நாக்கில் தெரியும், சண்டைக்கு வருவோம். வேறு ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்தால் யாருக்குத் தெரியும்?

முன்னால் நின்ற பெண்ணின் வாளியைப் பார்த்தேன். "இன்னாம்மா அது?"

"சத்துமாவு ஆயா. கொயந்தக்கி."

"வேர்க்கடல போட்டுக்கிறியா?"

"போடாம? நீ குடுத்த கணக்குதானே ஆயா! எங்கம்மாவுக்கு நீதானே சொல்லிக்குடுத்தியாம்."

மில்காரரிடம் போய், நான் போன தடவை அரைக்க வந்தபோது எனக்கு முன்னால் என்ன அரைத்தீர்கள் என்று கேட்டேன்.

"அதெல்லாம் யாருக்கு ஞாபகம்? தெனிக்கும் சத்துமாவு வருது. கடல இல்லாத சத்துமாவு எங்க வருது?"

அவ்வளவுதான். தூக்கை அங்கேயே வைத்துவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தேன் பார், இந்த முழங்கால் வலியெல்லாம் அன்றைக்கு எங்கே போனதோ! பின்னால் சண்டைக்காரி கத்துகிறாள்: "ஆயா! நான் ஒனக்கும் சேத்துத்தான் கேட்டுகினு கீறேன், நீ இன்னா ஓடுற?"

வீட்டுக்குள் நுழைந்து மூச்சு வாங்க மருமகளிடம் சொன்னேன். மிஷினுக்குள் ஒட்டியிருந்த அடுத்த வீட்டு வேர்க்கடலை நம் மாவில் வந்துவிட்டது என்று. பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். இருக்கலாம், துளி இருந்தாலே சில குழந்தைகளுக்குப் போதும் என்றாராம் அவர். ஆனால் வீட்டில் நீங்களாகச் சோதித்துப் பார்க்காதீர்கள், அதே சாமான்களை வீட்டு மிக்ஸியில் அரைத்து இங்கே கொண்டுவாருங்கள், என் கண் முன்னால் கொடுத்துப் பார்ப்போம் என்றாராம்.

மிக்ஸி ஜாரைக் கையில் எடுத்தேன். மருமகள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். எத்தனை காலமாக வேர்க்கடலைச் சட்னி அரைத்த ஜார்! என் வீட்டுக்காரரைக் கடைக்கு அனுப்பிப் புது ஜார் வாங்கினோம். சல்லடை, கரண்டி, வாணலிகூடப் பாப்பாவுக்கென்று தனியாகப் புதுசு. அன்றோடு எங்கள் வீட்டில் வேர்க்கடலைச் சட்னி கிடையாது. அவர் அதைப் பெரிய தியாகம் மாதிரி வருகிறவர்களிடமெல்லாம் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். போன வாரம் உன் வீட்டுக்காரரிடமும் சொல்லியிருப்பாரே?

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முன்னால் கஞ்சியை உதட்டில் கொஞ்சம் தடவினார்கள். காத்திருந்தோம். பிறகு கொஞ்சம் நாக்கில். காத்திருந்தோம். பிறகு அரைக் கரண்டி. நடுவில் பாப்பா ஒரு தும்மல் போட்டாள். நாங்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டோம்! டாக்டரம்மா, "தும்மல்தான் பாட்டி, உட்காருங்க," என்று சிரித்தார். கடைசிவரை ஒரு தடிப்பு இல்லை. கிண்ணம் காலி. இன்னும் வேண்டும் என்று கரண்டியைப் பிடித்து இழுக்கிறாள் என் தங்கம்.

வெளியே வந்ததும் ஆஸ்பத்திரி வாசலிலேயே என் மருமகள் போனை எடுத்து டிக்கெட்டை ரத்து செய்தாள். "அத்தை, நாளைக்கு எத்தனை மணிக்கு இவளைக் குளிப்பாட்டுவீங்க?" என்று மட்டும் கேட்டாள். பாப்பாவை அவள் கையிலிருந்து வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தால் வாய் எங்கே திறக்கும்?

அன்று அவள் செருப்பு போடாமல் ஓடினாளே, அதற்காக அவளுக்கு நான் காலம் முழுக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். நான் சட்டம் போட்டேன், அவள் கண்ணால் பார்த்ததை நம்பினாள். ஆத்தா மேலும் எனக்குக் குறையில்லை. அன்றைக்குக் கூப்பிட்ட உடனே ஆட்டோ வாசலில் வந்து நின்றதே, அது அவள் வேலை இல்லாமல் வேறு யாருடையது?

தூக்கைத் திரும்ப எடுக்கப் போனபோது சண்டைக்காரி அதைத் தன் வீட்டில் பத்திரமாக வைத்திருந்தாள், மாவு அரைத்து! எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கண் கலங்குவாள் என்று நினைத்தால், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "அப்ப அந்த மில்லுக்காரன சும்மாவா வுட்டுட்டு வந்த?" என்கிறாள்!

அன்றிலிருந்து அவள் வாய் என் பேத்திக்குக் காவல். போன தடவை கூழ் ஊற்றும்போது யாரோ அன்பாகக் குழந்தை கையில் கடலை மிட்டாயைக் கொடுக்கப் போனார்கள். மைக்செட் சத்தத்துக்கும் மேலே கேட்டது அவள் சத்தம்: "ஏய்ய்! அந்தக் கொயந்தக்கிக் கடல ஆவாது! எத்தினி வாட்டி சொல்றது?" ஒரே நாளில் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. நான் வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தால் பாதிப் பேர் தலையாட்டிவிட்டு மறந்திருப்பார்கள்.

கோயிலில் வேர்க்கடலைச் சுண்டல் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? கண்ணில் ஒற்றிக்கொண்டு நானே தின்றுவிடுவேன். குழாயடிக்குப் போய்க் கையும் வாயும் கழுவிய பிறகுதான் பாப்பாவைத் தூக்குவேன். பிஸ்கட் பாக்கெட் பின்னால் இருக்கிற பொடி எழுத்து எனக்குத் தெரியாது. படிக்கத் தெரிந்த யாராவது முழுசாகப் படித்துச் சொல்லாமல் அது எங்கள் வாசலைத் தாண்டாது. மருமகள் வாங்கி வைத்திருக்கிற அவசர ஊசி அலமாரியில் இருக்கிறது. தொடையில் எப்படிப் போடுவது என்று எனக்கும் சொல்லிக்கொடுத்துச் செய்துகாட்டச் சொன்னார்கள். போட்ட கையோடு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இதுவரை அதை எடுக்க வேண்டி வரவில்லை, அந்த மட்டும் புண்ணியம். வளர வளரச் சரியாகவும் போகலாம், போகாமலும் இருக்கலாம், அவ்வப்போது வந்து காட்டுங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். சரியாகப் போகிறதோ இல்லையோ, இவள் இங்கே இருக்கிறாளே, எனக்கு அது போதும். பார், உன் வளையலை விடமாட்டேன் என்கிறாள்...

"ஆயா! ஏ ஆயா! மய தூறுது, ஒன் கேவுரு நனையுது! காது இன்னா செவுடா?"

கேட்டாயா? எதிர் மாடியிலிருந்து அவளேதான்.

"வந்துட்டேன்டி, வந்துட்டேன்! யம்மா, நீ கொயந்தய ஒரு நிமிசம் புடி, நான் மாடிக்கு ஓடி கேவுர வாரிகினு வந்துடுறேன். இரு இரு, மொதல்ல கைய கயுவிட்டு வா. சோப்பு அந்தப் பைப்பாண்ட கீது."